அம்மா இல்லாத சிறப்புப் பதிப்பு

தான் இறந்துபோன செய்தி அம்மாவுக்குக் காலை வேளையில், பள்ளி வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது தெரியவந்தது. மகனை வண்டியில் ஏற்றிவிட வந்த ஒரு தாய், அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னங்க ஆச்சு? யாருக்கு என்ன?" என்று கேட்டாள் அம்மா.

"உங்களுக்குத்தாங்க. நேத்துதான் பெட்டியைப் பிரிச்சோம். வீடே அழுதுச்சு."

பெட்டி என்றால் பாட்டுப் பெட்டி. அம்மாவின் ஒரே மகள் பாடிய முதல் இசைத்தொகுப்பு அதற்குள் இருந்தது. வீட்டில் அந்தப் பெண்ணுக்கு வாலு என்று பெயர். இசை நிறுவனம் அவளுக்கு வைத்த பெயர் துளி. பெட்டியோடு வந்த சிறு அட்டை ஒன்றை அந்தத் தாய் ஜன்னல் வழியே நீட்டினாள். 'என்னைத் தனியே விட்டுச் சென்றுவிட்ட அம்மாவின் நினைவுக்கு' என்று வெள்ளி எழுத்தில் அச்சிட்டிருந்தது.

அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். ஓட்டுநர் செத்துப்போனால் விடுமுறை என்று எந்தப் பள்ளியும் அறிவிப்பதில்லை. அன்றைக்கும் அவள் எல்லாப் பிள்ளைகளையும் மணியடிப்பதற்குள் இறக்கிவிட்டாள்.

நடந்தது இதுதான்.

வாலு பாட ஆரம்பித்ததே அந்த வண்டியில்தான். அம்மா முன்னால் ஓட்டுவதில் கெட்டிக்காரி. பின்னால் எடுப்பதில்தான் கொஞ்சம் தகராறு. கண்ணாடியைப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு சத்தம் போடுவாள். ஒதுங்கவேண்டியது ஊரின் பொறுப்பு. இதை வைத்து வாலு ஒரு பாட்டுக் கட்டினாள்.

*தள்ளிப்போ தள்ளிப்போ எங்கம்மா வர்றா,*
*பின்னால பாக்காம பின்னால வர்றா,*
*சொன்னாலும் நிக்காது, கத்தினாலும் நிக்காது,*
*பக்கத்து வீட்டுச் செவுரும் போச்சே!*

பிள்ளைகள் வண்டி அதிரக் கும்மாளமிட்டுப் பாடினார்கள். யாரோ அதைக் கைபேசியில் பிடித்துப் போட, ஊரெல்லாம் பரவி, இசை நிறுவனத்தின் காதில் விழுந்தது. வாலுவை நேரில் வரச் சொன்னார்கள். அம்மாவே வண்டியில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டாள்.

அது பெரிய நிறுவனம். பாட்டுப் பதிவு அறை நிலவறையில், வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாடி முழுவதும் பிம்பத் துறை. கண்ணாடிக் கூண்டுகளில் விளக்குப் போட்டு, அதுவரை வெளிவந்த பெட்டிகளை வைத்திருந்தார்கள். கட்டடத்தில் எங்கேயும் ஒரு பாட்டுகூடக் கேட்கவில்லை. பிம்பத் துறைத் தலைவர் வெள்ளைத் துணிக் கையுறை போட்டிருந்தார். அட்டையில் விரல்ரேகை படக்கூடாது என்பதற்காக அணிந்தது, நாளடைவில் சாப்பிடும்போதும் கழற்ற முடியாமல் போய்விட்டது என்று சொன்னார்கள்.

"உங்க பெட்டி தயாராயிடுச்சும்மா," என்றார் தலைவர்.

"நான் இன்னும் பாடவே இல்லையே சார்."

"பாட்டு வந்துடும். பாட்டு எப்பவும் எப்படியாவது வந்துடும். பெட்டிதான் வராது."

பெட்டியை இரண்டு பேர் பட்டுத் துணியில் ஏந்திவந்து மேசைமேல் வைத்தார்கள். ஒரு தலையணை அளவுக்கு இருந்தது.

"சாம்பல் கலர்ல நல்லா இருக்கு சார்," என்றாள் வாலு மரியாதைக்காக.

அறையில் இருந்தவர்கள் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். தலைவர் பொறுமையாகச் சிரித்தார். "அது சாம்பல் இல்லம்மா. மழை வரலாமான்னு வானம் யோசிக்குது பாருங்க, அந்த யோசனையோட நிறம்."

பிறகு அவர் மூடியைத் தூக்கினார். 'ஹ்ஹா' என்று ஒரு பெருமூச்சு வந்தது. வாலு திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தாள். பெருமூச்சு விட்டது பெட்டிதான். மூடிக்கும் அடிப்பெட்டிக்கும் நடுவே காற்று மாட்டிக்கொண்டு வெளியேறும்போது துக்கம் தோய்ந்த ஓசை வரவேண்டும் என்று நிறுவனம் ஒரு கோடைக்காலம் முழுவதும் உழைத்திருந்தது. முதலில் செய்த பெட்டி கொட்டாவி விட்டதாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

உள்ளே ஒரு கைக்குட்டை, ஒரு மெழுகுவர்த்தி, கண்ணீர் என்று எழுதிய சின்னச் சீசாவில் உப்புத் தண்ணீர், சில படங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இசைத்தட்டு. பின்னாளில் பல ரசிகர்கள் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. கண்டுபிடித்தவர்களில் சிலர் அதைக் கண்ணாடி என்று நினைத்துத் தலைவாரிக்கொண்டார்கள்.

மூடியில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே ஒரு காலி நாற்காலி.

"இப்ப நம்ம முன்னாடி இருக்கற ஒரே கேள்வி, அந்த நாற்காலியில யார் இல்லங்கறதுதான்," என்றார் தலைவர்.

ஆலோசனை தொடங்கியது. காதலன் இல்லை என்று வைக்கலாம் என்றார் ஒருவர். போட்டி நிறுவனத்தின் பெட்டியில் ஏற்கெனவே காதலன் இல்லை என்று இன்னொருவர் மறுத்தார். நாய் என்றது ஒரு குரல். நாய்க்கு இவ்வளவு பெரிய பெட்டி தாங்காது என்று முடிவாயிற்று.

"அம்மா," என்றார் தலைவர் கண்ணை மூடி. "அம்மா இல்ல. அட்டைக்கும் பொருத்தம், மனசுக்கும் பொருத்தம்."

"சார், எங்கம்மா இருக்காங்க. கீழ வண்டியிலதான் உக்காந்திருக்காங்க," என்றாள் வாலு.

"இருக்கட்டும்மா. அது உங்க குடும்ப விஷயம். அதுல நாங்க தலையிட மாட்டோம்."

வாலு வாயைத் திறந்தாள். எதிரே எல்லோரும் அவள் நன்றி சொல்லப்போகிறாள் என்று புன்னகையோடு காத்திருந்தார்கள். அவளும் நன்றி என்றுதான் சொன்னாள். கீழே வந்து வண்டியில் ஏறியதும் அம்மா ஆவலோடு கேட்டாள், "என்னடி சொன்னாங்க?"

"பெட்டியை உனக்குத்தாம்மா சமர்ப்பணம் பண்றாங்க."

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் பிள்ளைகளின் வீடுகளில் அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாட்டு ஒரே பிற்பகலில் பதிவாயிற்று. பெட்டியின் பெருமூச்சுக்கு ஒத்துவர வேண்டும் என்பதால், துள்ளிக் குதித்த பாட்டை நத்தை நகர்வதுபோல் பாட வைத்தார்கள். 'தள்ளிப் போ...' என்று இழுத்துவிட்டு மூச்சு வாங்கி மறுபடி 'தள்ளிப் போ...' என்று வந்து சேர்வதற்குள் கேட்பவனுக்குத் தன் வாழ்க்கையில் போன எல்லாரும் நினைவுக்கு வந்துவிடுவார்கள்.

பெட்டி வெளிவந்த வாரமே கடைகளில் அடிதடி. பத்திரிகைகளில் ஆய்வுகள் வந்தன. 'பின்னால பாக்காம பின்னால வர்றா' என்ற வரி, இறந்த தாயின் ஆன்மா மகளைத் தொடர்வதைச் சொல்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். 'சொன்னாலும் நிக்காது' என்பது கண்ணீராம். 'பக்கத்து வீட்டுச் செவுரும் போச்சே' என்பதற்குத்தான் அவர் அரைப் பக்கம் எடுத்துக்கொண்டார். வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே உள்ள சுவர் இடிந்து விழும் தருணமாம் அது. பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, இடிந்த சுவரை அம்மா இன்னும் கட்டித்தரவில்லை என்று ஒரு பதில் கடிதம் எழுதினார். அதைப் பத்திரிகை வெளியிடவில்லை.

அதற்குள் வாலுவை நிறுவனம் ஒரு சாம்பல் நிற அடுக்ககத்தில் குடிவைத்துவிட்டது. பெட்டியில் முகம் இல்லை, அதனால் அவளுக்கும் வெளியில் முகம் கிடையாது என்று விதி. பேட்டிகளில் முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். கேள்வி கேட்பவர் அவள் தோள்பட்டையைப் பார்த்துக் கேட்பார். 'அந்தத் தோள்களில்தான் எத்தனை துயரம்' என்று நாடே உருகியது. உண்மையில் தோள் குலுங்கியது சிரிப்பை அடக்கியதால்தான். வாலுவுக்குச் சிரிப்பு சட்டென்று வந்துவிடும். அதற்காகவே நிறுவனம் ஒரு அம்மையாரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. வாலு சிரிக்கப்போகும் நேரம் பார்த்துக் காலை மிதிப்பது அவர் வேலை. பதவியின் பெயர், உணர்ச்சி ஒருங்கிணைப்பாளர்.

அம்மாவின் வீட்டு வாசலில் இப்போது ரசிகர்கள் கூடினார்கள். பூவும் மெழுகுவர்த்தியுமாக வந்து நின்று, அம்மாவிடமே துக்கம் விசாரித்தார்கள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"நான்தான் அவங்க," என்பாள் அம்மா.

"புரியுதுங்க," என்பார்கள் அவர்கள் கண்கலங்கி. "ரொம்ப நெருக்கமா இருந்திருக்கீங்க."

ஒருநாள் பிம்பத் துறைத் தலைவரே வீட்டுக்கு வந்தார். நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க மேல எங்களுக்கு எந்த வருத்தமும் இல்ல. நீங்க உயிரோட இருக்கறதை நாங்க மதிக்கறோம். ஆனா அதைக் கொஞ்சம் அடக்கமா செய்யலாம் இல்லையா? வாசல்ல நிக்கறீங்க. ஹாரன் அடிக்கறீங்க. நேத்து காய்கறி வாங்கியிருக்கீங்க. ரசிகர்கள் மனசு என்ன பாடுபடும்?"

"நான் என்னதான் செய்யணும்ங்கறீங்க?"

"பெருசா ஒண்ணும் வேணாம். சித்தியா மாறிடுங்க. சித்திக்குப் பெட்டியில தடை இல்ல. நான் உண்மையைச் சொல்றேம்மா, எனக்கும் அம்மா இருக்காங்க. போன வருஷம் ஒரு பெட்டிக்காக அவங்களைக் கூட கொஞ்ச நாள் ஒதுக்கி வெச்சோம். அவங்க ஒரு வார்த்தை சொல்லலை. இப்ப எங்க இருக்காங்கன்னே தெரியாத அளவுக்கு ஒத்துழைக்கறாங்க."

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா மெல்லக் கனைத்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார்.

"சார், நான் என்ன ஆனேன்?"

தலைவர் அவரை அப்போதுதான் பார்த்தார். "நீங்க யாரு?"

"அப்பா."

தலைவர் யோசித்தார். "பெட்டியில அப்பாங்கற பேச்சே வரலையே."

தலைவர் போனபிறகு அப்பா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னையாவது சாகடிச்சாங்க," என்றார். "என்னைச் சாகடிக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலை பாரு."

அம்மா சித்தியாக மாறவில்லை. ஆனால் அவளுடைய சத்தம் குறைந்துவிட்டது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. தெருவில் எல்லோரும் உயிருக்குப் பயந்தார்கள்.

வாலு ஒரு மாலை, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, உணர்ச்சி ஒருங்கிணைப்பாளரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கோவமாம்மா?"

"செத்தவளுக்கு என்னடி கோவம்."

"சின்ன எழுத்துல போடுவாங்கன்னு நெனச்சேன். யாரும் படிக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பியா?"

அம்மா மடித்த துணியை மறுபடி உதறினாள். "சொல்லியிருப்பேன்டி. உனக்காகச் செத்துப்போன்னா எந்த அம்மா மாட்டேன்னு சொல்லுவா? 'எப்ப சாகணும், எத்தனை மணிக்கு வரணும்'னுதான் கேட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைக் கேக்க உனக்கு வாய் வரலை பாரு. நான் வண்டியில உனக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். நீ மாடியில உக்காந்து தலையாட்டியிருக்கே."

வாலு அழுதாள். அது பெட்டிக்கு உகந்த அழுகையாக இல்லை. மூக்கு ஒழுகியது. அம்மா ஒரு துணியை எடுத்து நீட்டினாள்.

சில வாரம் கழித்து, சிறப்புப் பதிப்பு வந்தது. அதில் பெட்டி இரண்டு தடவை பெருமூச்சு விடும். அதன் வெளியீட்டு விழாவுக்கு ஊரிலேயே பெரிய அரங்கத்தைப் பிடித்திருந்தார்கள். அப்பா எப்படியோ இரண்டு சீட்டு வாங்கிவந்தார்.

"எதுக்கு? என் நினைவஞ்சலிக்கு நானே போகணுமா?" என்றாள் அம்மா.

"போய்ட்டு வருவோம். நம்ம பொண்ணு முதுகையாவது பாத்துட்டு வரலாம்," என்றார் அப்பா.

அரங்கம் நிறைந்திருந்தது. எல்லோர் மடியிலும் ஒரு பெட்டி. தலைவர் மேடையேறி உரையாற்றினார்.

"நண்பர்களே, ஒரு காலத்துல பாட்டு காத்துல திரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. யார் வேணும்னாலும் கேக்கலாம். அதைப் பிடிச்சு ஒரு பெட்டியில போட்டது நாங்க. இன்னைக்கு ஒருத்தர் பாட்டைக் கேக்காமலே அழ முடியுதுன்னா, அதுதான் எங்க சாதனை. ஒரு கலைஞரோட மனசுக்குள்ள என்ன இருக்குன்னு அந்தக் கலைஞருக்குத் தெரியறதுக்கு முன்னாடியே நாங்க அச்சடிச்சுடறோம்."

கைதட்டல் எழுந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் மூடியைத் தூக்கினார்கள். அரங்கம் முழுவதும் 'ஹ்ஹா, ஹ்ஹா' என்று பெருமூச்சு விட்டது. மெழுகுவர்த்திகள் எரிந்தன. மேடையில் காலி நாற்காலி ஒன்றும், முதுகைக் காட்டி உட்கார்ந்த வாலுவும்.

'தள்ளிப் போ...' என்று அவள் தொடங்கியதும் முன்வரிசை விம்மியது. 'பின்னால பாக்காம...' என்றபோது நடுவரிசை தேம்பியது. அம்மா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். 'பக்கத்து வீட்டு...' என்று வாலு இழுத்து நிறுத்தினாள். அரங்கமே மூச்சைப் பிடித்தது. '...செவுரும்... போச்சே...'

பக்கத்தில் இருந்த பெரிய மனிதர் ஒருவர், "ஐயோ, அந்தச் செவுரு!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அம்மாவால் முடியவில்லை. அவளுக்குள் எங்கேயோ பிடித்துவைத்திருந்தது பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்தாள். வாயைப் பொத்தினாள், விரலிடுக்கில் வந்தது. முந்தானையைக் கடித்தாள், மூக்கு வழியாக வந்தது. நாற்காலி கிறீச்சிட, உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

காவலாளி ஓடிவந்தான். "யம்மா, வெளிய வாங்க. செத்தவங்களுக்குக் கொஞ்சமாவது மரியாதை குடுங்க."

"செத்ததே நான்தாம்ப்பா," என்றாள் அம்மா.

"இவ என் சம்சாரம்," என்று அப்பா சாட்சி சொன்னார். "நேத்துக் கூட என்னைத் திட்டினா."

மேடையில் பாட்டு நின்றுவிட்டது. வாலுவுக்கு அந்தச் சிரிப்பு யாருடையது என்று தெரியும். பிறந்ததிலிருந்து கேட்ட சிரிப்பு, பல மாதமாகக் கேட்காத சிரிப்பு. அவள் தோள்கள் குலுங்கின. உணர்ச்சி ஒருங்கிணைப்பாளர் மிதிப்பதற்காகத் தவழ்ந்து வந்தார். அதற்குள் வாலு எழுந்து, அரங்கத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். வட்ட முகம், எத்துப்பல், சிரிப்பு.

"அம்மா!" என்று கூப்பிட்டாள். "அவங்களை விடுங்க. எங்கம்மா அவங்க!"

கூப்பிட்ட கையோடு பாட்டைப் பழைய வேகத்தில் எடுத்தாள். தள்ளிப்போ தள்ளிப்போ எங்கம்மா வர்றா! வாத்தியக்காரர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு அவர்களும் மனிதர்கள்தானே, பின்னாலேயே ஓடினார்கள். பாதி அரங்கம் எழுந்து ஆடியது. மறுபாதி, பெட்டியில் இல்லாத முகத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று கூச்சலிட்டது. "முதுகைக் காட்டு! முதுகைக் காட்டு!" என்ற கோஷம் வாசல்வரை கேட்டது.

வண்டியில் வீடு திரும்பும்போது வாலு முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். யாரும் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. "ரொம்ப மெலிஞ்சுட்டே," என்றாள் அம்மா. "அந்தப் பெட்டியில சோறும் போட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

மறுநாள் நிறுவனம் வாலுவை அழைத்தது. தலைவர் கோபப்படவில்லை.

"நீங்க திரும்பினதைத் தப்புன்னு சொல்லமாட்டேன்மா. மனுஷங்க திரும்புவாங்க. ஆனா பெட்டி திரும்பாது. கிடங்கு நிறைய அச்சடிச்சு வெச்சிருக்கோம். உங்களை மாத்தறது சுலபமா, பெட்டியை மாத்தறது சுலபமான்னு நீங்களே சொல்லுங்க."

மாற்றினார்கள். அதே தோள், அதே சடை, அதே உயரத்தில் வேறொரு பெண் கிடைத்தாள். துளி என்ற பெயரும் அவளுக்கே போயிற்று. ரசிகர்கள் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. துளி இப்போது முன்பைவிட உண்மையாக இருக்கிறாள் என்று அந்த விமர்சகர் எழுதினார். அரங்கத்தில் சிரித்த பெண்மணி போட்டி நிறுவனம் அனுப்பிய நடிகை என்பதும் உறுதியாயிற்று.

வாலு இப்போது சின்னச் சின்னக் கூடங்களில், ஆட்களைப் பார்த்துப் பாடுகிறாள். நூறு பேர் வந்தால் அதிகம். இசைத்தட்டை அப்பா தன் கடையிலிருந்து கொண்டுவந்த பழுப்புக் காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

ஒரு காலையில், கடைசிப் பிள்ளையையும் பள்ளியில் இறக்கிவிட்டு அம்மா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்த ஒரு பெண்மணி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள்.

"நீங்கதானே அந்தச் செத்துப்போன அம்மா?"

"ஆமாங்க. நீங்க?"

"நான் அடுத்த அம்மா."

அம்மா துணியைக் கீழே வைத்தாள்.

"அடுத்த பெட்டி என் பொண்ணோடது. ஒண்ணும் கஷ்டம் இல்லன்னு அந்தக் கையுறைக்காரர் சொல்றார். வெளிய தலைகாட்டாம இருந்தா போதுமாம். நான் தபால் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். ஜன்னல்ல உக்கார்ற வேலை. எப்படிங்க தலைகாட்டாம இருக்கறது?" அவள் குரல் தணிந்தது. "நேத்து என் பொண்ணு வந்து கேட்டா. 'அம்மா, உன்னைச் சாகடிக்கணுங்கறாங்க, நான் என்ன சொல்லட்டும்?'னு கேட்டா. தேம்பித் தேம்பி அழுதா."

"கேட்டாளா?"

"கேட்டா. நான் சரின்னுட்டேன். அப்புறம் தூக்கம் வரலை. அதான், இதுல அனுபவம் இருக்கறவங்க ஒருத்தரைப் பாத்துட்டுப் போகலாம்னு..."

அம்மா வண்டிச் சாவியை எடுத்தாள். பிறகு முன்கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க."

"எங்க போறோம்?"

"உங்க பொண்ணுதான் கேட்டுட்டாளே. கேக்கத் தெரிஞ்ச பிள்ளைக்காக யாரும் சாக வேண்டியதில்லை. போய்ச் சொல்லிட்டு வருவோம்."

இசை நிறுவனத்தின் வாசலில், வரவேற்பு மேசையில் இருந்தவன் இருவரையும் ஏறிட்டான். "யார் வந்திருக்கறதா மேல சொல்லட்டும்?"

"அம்மா வந்திருக்காங்கன்னு சொல்லு தம்பி," என்றாள் அம்மா. "எந்த அம்மான்னு கேட்டா, நேர்ல வந்து பாத்துக்கச் சொல்லு. ரெண்டு பேருக்கும் மூச்சு இருக்கு."